மெட்டு ஏறிய நேரம்

அக்டோபர் 14, செவ்வாய்

சைக்கிள் ஓட்டுகிறவன் தினமும் நோட்டு எழுத வேண்டும் என்று மாநிலப் போட்டிக் கேம்ப்பில் சொல்லி அனுப்பினார்கள். என்ன தின்றேன், எவ்வளவு ஓட்டினேன், உடம்பு எப்படி இருக்கிறது. சரி, எழுதுகிறேன். காலையில் நான்கு இட்லி, ஒரு வாழைப்பழம். முந்தலிலிருந்து போடிமெட்டு வரைக்கும் ஏறி இறங்கினேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. வயிற்றெரிச்சல் மட்டும் இருக்கிறது, அது இட்லியால் வந்ததில்லை.

காரணம் அஜ்மல். மூன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. வாடகை சைக்கிளில் இரண்டு பேரும் சேர்ந்துதான் விழுந்து எழுந்து பழகினோம். திருவிழா ரேஸ், மாவட்டம், மாநிலம் என்று எல்லாவற்றையும் ஒன்றாகவே ஓட்டிவிட்டோம். இதுவரை கிடைத்தது கப்பும் துண்டும் கைதட்டலும். இப்போது பெங்களூரில் ஒரு டீம் ஆரம்பித்திருக்கிறார்கள். சைக்கிள் ஓட்டுவதே வேலை, அதற்கே சம்பளம், வெளிநாட்டு ரேஸ். மலை ஏறுகிறவன் ஒருவன் மட்டும் வேண்டுமாம், வயது இருபத்து மூன்றுக்குள். எனக்கு வருகிற பங்குனியோடு அது முடிகிறது. அஜ்மலுக்கும் அதே கதைதான், என்னைவிட ஒரு மாதம் மூத்தவன்.

டீம் மேனேஜர் ஆல்வின் சார் ஊர் ஊராக வந்து பார்ப்பதில்லை. செல்போன் செயலியில் எந்த மலையில் யார் வேகமாக ஏறியிருக்கிறான் என்று பார்த்துக் கூப்பிடுகிறார். எங்கள் மலைக்கு முந்தல் செக்போஸ்ட்டில் ஆரம்பம், மெட்டு செக்போஸ்ட்டில் முடிவு. போன் சட்டைப் பையில் இருந்தால் போதும், தானாகவே கணக்கெடுத்துப் பெயரைப் பட்டியலில் போட்டுவிடும். பட்டியலில் முதல் பெயர் அஜ்மல், சித்திரையில் ஏறிய நேரம். இரண்டாவது சென்றாயன், அதாவது நான். வித்தியாசம் ரொம்ப இல்லை, ஒரு டீ ஆற்றிக் குடிக்கிற நேரம். அந்த டீயைத்தான் சித்திரையிலிருந்து என்னால் குடிக்க முடியவில்லை.

டீம் எடுக்கவில்லை என்றால் ஆயுசுக்கும் இப்போது வேலை பார்க்கிற ஏலக்காய் ஸ்டோரில் சல்லடையும் மூட்டையும்தான். நினைத்தாலே கை அரிக்கிறது.

அக்டோபர் 18, சனி

செயின் கழுவி எண்ணெய் விட்டேன். பின் டயர் தேய்ந்துவிட்டது. மதியம் சோறும் புளிக்குழம்பும்.

விடிந்தால் எங்கள் ஊரிலிருந்து ஜீப்ஜீப்பாக ஜனங்கள் மலைக்கு மேலே ஏலத் தோட்டத்து வேலைக்குப் போவார்கள். என் அக்கா ஒச்சம்மாளும் காய் பறிக்கப் போகிறாள், காதர் மாமா ஜீப்பில். காதர் மாமா அஜ்மலுடைய அப்பா, அவன் அத்தா என்பான். நானும் அஜ்மலும் மாற்று பனியன், துண்டு, மழை வந்தால் போன் எல்லாவற்றையும் ஜீப்பில் கொடுத்துவிட்டுச் சுமை இல்லாமல் ஏறுவோம். மாமா மேலே செக்போஸ்ட் பக்கத்து சேட்டன் டீக்கடையில் கொடுத்துவிட்டு எஸ்டேட்டுக்குப் போவார். நாங்கள் போய் வாங்கிக்கொள்வோம். வருஷக்கணக்காக இப்படித்தான்.

மாமாவுக்கு இடது கண்ணில் புகை படிந்த மாதிரி இருக்கிறதாம். மலை ரோட்டில் இனி வண்டி ஓட்டக் கூடாது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். "பொங்கலு வரைக்கும் பாப்பேன்டா. டீம்லருந்து கூப்புடலேன்னா நான் ஜீப்புல ஏறிருவேன். அத்தாவ இனிமே விடக் கூடாது" என்றான் அஜ்மல்.

"கூப்புடுவாய்ங்கடா" என்றேன். யாரை என்று நானும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

அக்டோபர் 25, சனி

பேய் மழை. முந்தலிலேயே பிடித்துவிட்டது. செயலியைப் போட்டுவிட்டேன், அப்புறம்தான் மழையைப் பார்த்தேன். போனை பாலிதீன் பையில் சுற்றி அக்கா கையில் கொடுத்தேன், அவள் மடியில் செருகிக்கொண்டாள். ஜீப் முன்னால் போனது. நாங்கள் பின்னால் ஏறினோம்.

புலியூத்து அருவி தாண்டும் முன்பே அஜ்மல் என்னைக் கழற்றிவிட்டான். முதுகுகூடத் தெரியவில்லை, ஒரே மூடுபனி. கால் ஜில்லிட்டு மரத்துப்போய்விட்டது. மேலே போனால் அவன் சாவகாசமாக இரண்டாவது வடையில் இருக்கிறான். "வாங்க தொர" என்றான். எனக்குக் கடுப்பு.

அன்றைக்கு உர லாரி ஒன்று மலை முழுக்க வழிவிடாமல் ஊர்ந்ததாம், அதற்குப் பின்னாலேயே மாமாவும் ஊர்ந்து ஊர்ந்து வந்து கொஞ்சம் முன்னால்தான் போனார் என்று சேட்டன் சொன்னார். போனை எடுத்துக் கொடுத்தார். வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினேன். ஸ்டோருக்குப் பிந்திப் போனேன். முதலாளி முறைத்தார்.

இரவு ரசம் சாதம். தொண்டை கட்டியிருக்கிறது.

அக்டோபர் 27, திங்கள்

நான் முதலிடம்!

காலையில் சைக்கிள் ஓட்டுகிற தேனிப் பையன்கள் போன் போட்டுக் கத்துகிறார்கள். செயலியைத் திறந்து பார்த்தால் மெட்டுப் பட்டியலில் உச்சியில் சென்றாயன். சனிக்கிழமை ஏற்றம். அஜ்மல் பெயர் கீழே இறங்கிவிட்டது. கொஞ்ச நஞ்சமில்லை, பெரிய இடைவெளி. வாழ்த்து மேல் வாழ்த்து. மதுரைக்காரன் ஒருவன், "அண்ணே, மழைலயா இம்புட்டு வேகம்?" என்று கேட்டிருக்கிறான்.

மழையில்தான் தம்பி. ரோடு குளிர்ந்து கிடந்தால் உடம்பு சூடேறாது, நன்றாக இழுக்கும். எங்கேயோ படித்திருக்கிறேன். கால் மரத்துப்போனதால்தான் வலி தெரியவில்லை. வலி தெரியாவிட்டால் மனிதன் எவ்வளவு வேண்டுமானாலும் மிதிப்பான்.

அன்றைக்கு அஜ்மல்தானே முதலில் போய்ச் சேர்ந்தான் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அவன் முந்தலில் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பியிருப்பான்.

அக்கா கேசரி கிண்டினாள். எவ்வளவு நேரம் என்று கேட்டாள், சொன்னேன். கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்தாள். "அட, எங்க ஜீப்பு ஏறுன நேரமும் அதேதான்டா! அந்த ஒர லாரிக்காரன் வழியே விடல. நாங்க போகவும் கங்காணி வாட்ச்சக் காட்டிக் காட்டி வஞ்சாரு. அப்ப என் தம்பி ஜீப்பு வேகத்துக்கு வந்துருக்கான்!" தெருவில் போன மூன்று பேரைக் கூப்பிட்டு இதையே சொன்னாள்.

அக்காவுக்கு இந்தச் சமாச்சாரமெல்லாம் தெரியாது. கேசரியில் நெய் அதிகம். ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

ஆல்வின் சார் பேசினார். நிஜமாகவே அவரேதான், கோயம்புத்தூர்ப் பேச்சு.

"உங்க ஊர்ல ரெண்டு பேரு பக்கத்துப் பக்கத்துல இருந்தீங்க தம்பி. யாரைக் கூப்புடறதுன்னு தெரியாம வெச்சிருந்தேன். இப்ப நீ தூக்கிட்ட. ஜனவரி கடைசி ஞாயித்துக்கெழம நானே வர்றேன். அதே மலைல எனக்கு முன்னால ஒருக்கா ஏறிக் காட்டு. அன்னிக்கே கையெழுத்துப் போட்டுக்கலாம்."

சரி சார் என்றேன். சரி சார், சரி சார் என்று பத்துத் தடவை சொல்லியிருப்பேன். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு வேறு போன் வந்துவிட்டது. சொல்ல என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை.

ஜனவரிக்கு இன்னும் நாள் கிடக்கிறது. அதற்குள் அந்த நேரத்தை நிஜமாக்கி

மறுபடியும் ஒருமுறை அந்த நேரத்தை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். எடுக்க முடியாதா என்ன?

நவம்பர் 2, ஞாயிறு

அஜ்மல் வீட்டுக்கு வந்தான். கையில் அல்வாப் பொட்டலம். கட்டிப்பிடித்தான். "போடிக்காரன் வெளிநாட்டுல ஓட்டப் போறான்டா" என்று அம்மாவிடம் சொல்லி அம்மாவை அழ வைத்தான். அப்புறம் என் சைக்கிளைப் புரட்டிப் போட்டு பின் டயரை மாற்றிக் கொடுத்தான். அந்த வேலையில் அவனுக்குத்தான் கை வாகு.

டயரைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அன்னிக்கு ஏறுறப்ப போன எங்கடா வச்சுருந்த?"

"பையிலதான்."

"பாலிதீன் பையில போட்டா?"

"ஆமா. ஏன்?"

"சும்மா கேட்டேன். நனஞ்சுருக்குமேன்னு." காற்று அடித்தான். டயர் இறுகும் வரைக்கும் அடித்துவிட்டு எழுந்து கை கழுவினான்.

பொறாமை இருக்காதா பின்னே? மனிதன்தானே.

நவம்பர் 8, சனி

ஸ்டோர் வேலையை விட்டுவிட்டேன். காலையும் மாலையும் ஏற வேண்டும், வேலை பார்த்துக்கொண்டு முடியாது. முதலாளி, "போடா போ, வந்து நிப்ப" என்றார். நிற்க மாட்டேன்.

இன்று ஏறினேன். வெயில் அதிகம். அந்த நேரம் வரவில்லை.

நவம்பர் 11

வரவில்லை. எதிர்க்காற்று.

நவம்பர் 12

வரவில்லை. தோட்டத்து ஜீப்புகள் வழி மறித்தன.

நவம்பர் 15

மழை! சனிக்கிழமை! எல்லாம் அன்று போலவே அமைந்தது. போனைப் பையில் வைத்துக்கொண்டே ஏறினேன். கால் மரத்தது. வலி மட்டும் மரக்கவில்லை. அந்த நேரத்தின் பக்கத்தில்கூடப் போகவில்லை. நான் செக்போஸ்ட்டுக்குப் போவதற்குள், அந்த நேரத்தில் வந்து சேர்கிற ஆள் டீ குடித்து, பேப்பர் படித்து, வெற்றிலையும் போட்டிருக்கலாம். சேட்டன் கடைப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

நவம்பர் 21, வெள்ளி

உடம்புக் கனம்தான் காரணம். கனம் குறைந்தால் மலை தானாக இறங்கி வரும். காலையில் ஒரு இட்லி. மதியம் வெள்ளரிக்காய், மோர். இரவு வேண்டாம். அம்மா தட்டை நகர்த்தினாள், நான் தட்டைத் தள்ளினேன், சாம்பார் கொட்டிவிட்டது. அம்மா துடைத்தாள்.

நவம்பர் 28, வெள்ளி

அக்காவைத் திட்டிவிட்டேன்.

ஜீப்பில் அவள் எல்லாரிடமும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம். தம்பியும் ஜீப்பும் ஒரே நேரம், தம்பியும் ஜீப்பும் ஒரே நேரம். நேற்று ஒரு கிழவி, "அப்ப ஒந்தம்பி ஜீப்புக்குள்ளதான் ஒக்காந்து வந்தானா?" என்று கேட்டிருக்கிறாள். ஜீப்பே சிரித்திருக்கிறது. அக்காவும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். அதை என்னிடமே வந்து சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

"லாரி, ஜீப்புன்னு இனிமே யார்கிட்டயாச்சும் வாயத் தொறந்த, அப்புறம் இருக்கு ஒனக்கு" என்று கத்தினேன்.

"நான் என்னாத்தடா தப்பாச் சொல்லிப்புட்டேன்?" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மடியில் கையை வைத்துக்கொண்டாள், அன்றைக்குப் போனைச் செருகியிருந்த இடத்தில். "ஐயோ, தம்பி" என்றாள். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவளோடு இனிப் பேச மாட்டேன்.

டிசம்பர் 6, சனி

புலியூத்துக்கு மேலே மண் சரிந்ததால் ரோட்டை அடைத்துவிட்டார்கள். ஊரே தோட்ட வேலை போயிற்றே என்று தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறது. எனக்குச் சந்தோஷம். எழுதவே அசிங்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷம்தான். ரோடே இல்லையென்றால் ஆல்வின் சார் எந்த மலையைப் பார்ப்பார்?

டிசம்பர் 10

ரோட்டைத் திறந்துவிட்டார்கள்.

டிசம்பர் 17, புதன்

முழங்கால் வீங்கியிருக்கிறது. ஐஸ் வைத்தேன். முடி கொட்டுகிறது. மாடிப்படி ஏறினால் கண்ணை இருட்டுகிறது, மலை ஏறப் போகிறவனுக்கு.

அஜ்மல் தினமும் என்னோடு வருகிறான். நான் கேட்கவில்லை. "எம்பின்னாடி ஒட்டிக்கிட்டு வா, காத்த நான் வாங்கிக்கிறேன்" என்கிறான். வளைவுக்கு வளைவு திரும்பிப் பார்த்து வேகத்தைக் குறைக்கிறான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறும்போது என் பழைய நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. அவனுடைய சித்திரை மாத நேரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன். நான் வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக ஏறியதில்லை. அப்படியும் அந்தச் சனியன் பிடித்த நேரம் எங்கேயோ முன்னால் போகிறது, லாரிக்குப் பின்னால்.

மேலே டீ குடிக்கும்போது, "எதாச்சும் சொல்லணுமாடா?" என்றான் அஜ்மல்.

"என்னாத்த?"

"ஒண்ணுமில்ல. மூஞ்சி வாடிக் கெடக்கே, அதான் கேட்டேன்."

"பசிக்குது" என்றேன். வடை வாங்கிக் கொடுத்தான். பாதி தின்றேன்.

டிசம்பர் 31

ஆல்வின் சார் செய்தி அனுப்பியிருக்கிறார். டீம் சட்டைக்கு அளவு கேட்டு.

அனுப்பினேன்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

தெருவெல்லாம் கரும்பு. எங்கள் வீட்டிலும் பொங்கல் பொங்கியது. அக்கா எனக்கு ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போனாள்.

சாயங்காலம் அஜ்மல் வீட்டுக்குப் போனேன். அவன் சைக்கிள் கூடத்தில் ஆணியில் தொங்குகிறது, சக்கரம் இல்லாமல். காதர் மாமா கட்டிலில் உட்கார்ந்து ஜீப் சாவியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "திங்கக்கெழமலருந்து இவென்தான்" என்றார். "எனக்கு வளைவு ரெண்டு ரெண்டாத் தெரியுது மாப்ள. பொம்பளப் புள்ளைக நம்மள நம்பி ஏறுதுகள்ல." அப்புறம் நல்ல கண்ணால் என்னைப் பார்த்து, "நல்லா ஏறு" என்றார். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அஜ்மல் வாசல் வரைக்கும் வந்தான். அவனுடைய இரண்டு சக்கரத்தையும் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தான். கனமே இல்லாத சக்கரம், மூன்று வருஷம் சீட்டுக் கட்டி வாங்கியது. "இதப் போட்டு ஏறு. கொஞ்சமாச்சும் ஒதவும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 24, சனி

நாளை. சங்கிலி, பிரேக், காற்று எல்லாம் பார்த்தாயிற்று. முந்தல் முனியாண்டிக்குத் தேங்காய் உடைத்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. நிற்கிற வரைக்கும் நின்றுவிட்டு வந்தேன்.

ஜனவரி 26, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

ஆல்வின் சார் சிவப்புக் காரில் வந்தார். கையில் டீம் சட்டை, என் அளவில். "பயப்படாம ஏறு" என்றார். ஏறினேன். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். கடைசி வளைவுகளில் கண்ணே தெரியவில்லை, வாயில் ரத்த வாடை. செக்போஸ்ட் கம்பியைத் தொட்டபோது சைக்கிளோடு சாய்ந்துவிட்டேன், சேட்டன்தான் ஓடிவந்து தூக்கினார்.

அஜ்மலுடைய சித்திரை நேரத்தை நேற்று நான் தாண்டிவிட்டேன். சத்தியமாக. என் காலால், என் மூச்சால்.

சார் கடிகாரத்தைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடியும் கடிகாரம். என்னை டீக்கடைப் பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். கோபமே இல்லாமல் கேட்டார். "அன்னிக்கு என்னப்பா போட்ட?"

"புரியல சார்."

"ஊசியா, மாத்திரையா? இந்த வித்தியாசம் சும்மா வராது. யாரு குடுத்தா சொல்லு."

ஊசி போடுகிறவன் என்று நினைத்துவிட்டார். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "போன் ஜீப்புல வந்துச்சு சார்" என்றேன். வாயிலிருந்து அது வருகிறவரைக்கும் எனக்கே நான் அதைச் சொன்னதில்லை. மழை, பாலிதீன் பை, அக்கா மடி, உர லாரி எல்லாம் சொன்னேன். சேட்டன் தலையைக் குனிந்து கிளாஸ் கழுவ ஆரம்பித்தார்.

சார் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"இன்னிக்கு நீ ஏறினது நல்ல நேரம்டா. இத மட்டும் வெச்சுட்டு நீ வந்திருந்தா, சட்டையப் போட்டு உன்னக் கூட்டிட்டுப் போயிருப்பேன்" என்றார். "மூணு மாசம் வாயத் தொறக்காம இருந்திருக்கியே. சட்டை அளவு வேற அனுப்பியிருக்க."

அழுதேன். அப்போதுதான் அஜ்மல் ஞாபகம் வந்தது. உடனே வந்தது என்று எழுத ஆசைதான், அழுது முடித்த பிறகுதான் வந்தது. "பட்டியல்ல எனக்கு அடுத்து இருக்கானே அஜ்மல், அவன் நேரம் சுத்தம் சார். அவனப் பாருங்க. கீழதான் இருக்கான், இப்பவே வரச் சொல்றேன்."

சார் என் சைக்கிளைப் பார்த்தார். "இந்த வீலு யாருது? பட்டியல்ல இருக்கற உன்னோட போட்டோல இது இல்லியே."

"அஜ்மலோடது சார்."

"அவனுக்கு இந்த ஜீப்பு விசயம் தெரியுமா?"

"ஜீப்பு அவங்க அத்தாவோடது" என்று சொன்னேன். அவனுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்.

"ஓ" என்றார் சார். டீக்குக் காசு வைத்தார். "ஜீப்பு அவங்களுது. வீலு அவனுது. நேரம் உன்னுது. அப்புறம் அவன் நேரத்த மட்டும் நான் எதை வெச்சுத் தம்பி நம்பறது? அவன் போனும் எந்த மடியில வந்துச்சோ. இந்த மலைல இருந்து எந்த நேரம் வந்தாலும் இனிமே நான் பாக்கப் போறதில்ல."

காருக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினேன். பெடலில் மாட்டுகிற கிளீட் ஷூவில் எங்கே ஓடுவது. சட்டையை மடித்து முன் சீட்டில் போட்டுக்கொண்டு, ஊர்ப் பக்கம் இறங்காமல் கேரளத்துப் பூப்பாறைப் பக்கமே போய்விட்டார்.

ஜனவரி 27

ஒன்றும் தின்னவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

சக்கரத்தைக் கழற்றித் துடைத்து அஜ்மல் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவன் ஜீப்புக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். கால் மட்டும் தெரிந்தது. காலைப் பார்த்துப் பேசுவது சுலபமாக இருந்தது.

"எடுக்கலடா" என்றேன்.

"சேட்டன் சொன்னாரு."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

ஸ்பேனர் சத்தம் நின்றது. "பட்டியல்ல நீ மொதல்ல வந்த அன்னிக்கு ராத்திரியே. அத்தா சொல்லிருச்சு, ஒங்க அக்கா மடியிலதான் போன் வந்துச்சு, நான்தான் அத வாங்கிக் கடைல குடுத்தேன்னு."

"அப்பறம் ஏன்டா நீ சார்கிட்டச் சொல்லல?"

"நான் சொன்னா, எடம் போன வயித்தெரிச்சல்ல சொல்றான்னுதான நெனப்பாங்க. நீயே சொல்லுவேன்னு பாத்தேன்." மறுபடியும் ஸ்பேனர் சத்தம். "டயர் மாத்துன அன்னிக்குச் சொல்லுவேன்னு பாத்தேன். வடை தின்ன அன்னிக்குச் சொல்லுவேன்னு பாத்தேன். வீலக் குடுத்தா கூச்சப்பட்டாவது சொல்லிருவேன்னு பாத்தேன்."

நான் நின்றேன். சார் அவனைப் பற்றிச் சொன்னது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அந்த வீலால்தான் அவன் பெயரும் கெட்டது என்று எப்படிச் சொல்வது? சக்கரத்தைச் சுவரில் சாய்த்து வைத்தேன். "வச்சுருக்கேன்டா" என்றேன். "சரி" என்றான் ஜீப்புக்கு அடியிலிருந்து.

இதையும் சொல்லவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

ஸ்டோருக்குத் திரும்பப் போனேன். முதலாளி ஒன்றும் சொல்லாமல் சல்லடையைக் காட்டினார். திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 20

அந்த ஏற்றத்தைச் செயலியில் அழித்துவிட்டேன். நிச்சயமாக அழிக்கவா என்று அது ஒரு தடவை கேட்டது. இப்போது மெட்டுப் பட்டியலில் என்னுடைய ஜனவரி நேரம் முதலில் நிற்கிறது. நியாயமான நேரம். அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை, அதையும் அழித்தேன். அஜ்மல் பெயர் உச்சிக்கு வந்தது. எந்தத் தேனிப் பையனும் யாருக்கும் போன் போடவில்லை.

மார்ச் 21, சனி

நேற்றோடு டீம் கேட்ட வயதை நான் கடந்துவிட்டேன். அக்கா கேசரி கிண்டினாள். முழுக் கிண்ணமும் தின்றேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னுங் கொஞ்சம் வைக்கவா தம்பி?" என்றாள். நவம்பருக்குப் பிறகு இன்றுதான் அவளுக்குப் பதில் சொன்னேன். "வையி" என்றேன்.

மார்ச் 28, சனி

எதற்கென்று தெரியவில்லை, காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு முந்தலுக்குப் போனேன். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த வானம் ஒரு நொடியில் கறுத்தது. கோடை மழை. செக்போஸ்ட் ஓரம் ஒதுங்கி நின்றேன்.

ஒரு ஜீப் வந்து நின்றது. அஜ்மல். தாடி விட்டிருக்கிறான், கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். பின்னால் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு, நடுவில் அக்கா.

"பட்டியல்ல இப்ப நீதான்டா மொதல்ல இருக்க" என்றேன். வேறு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

"எந்தப் பட்டியலு?" என்றான். நிஜமாகவே கேட்டான். அப்புறம், "அட, அதா" என்றான். வானத்தைப் பார்த்தான். பழக்கதோஷத்தில் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான். "மழை வலுக்குது பாரு. போனக் குடு, மேல கடைல குடுத்துர்றேன்."

ஜீப்புக்குள் இருந்த அத்தனை பெண்களும் என் கையைத்தான் பார்த்தார்கள். அக்கா மட்டும் வேறு பக்கம் பார்த்தாள்.

நீட்டிய கையை அவனும் அப்போதுதான் உணர்ந்தான் போலிருக்கிறது. ஆனாலும் மடக்கவில்லை. மழை அவன் உள்ளங்கையில் விழுந்துகொண்டிருந்தது.

போனை எடுத்து, அவன் பார்க்கும்படி அணைத்துவிட்டு, கொடுத்தேன். அவன் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் அக்காவிடம் நீட்டினான். அவள் முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மெதுவா வா" என்றான் அஜ்மல்.

ரொம்ப மெதுவாகத்தான் ஏறினேன். மேலே சேட்டன் போனைக் கொடுக்கும்போது எவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை.